சூடு ஆறுவதற்குள் ஒரு மடிப்பு

மெஷினின் கதவு விலகியதும் இரண்டு கைகள் உள்ளே போயின. இடது கையில் நூல் உறை. வலது கை வெறுங்கை. அச்சின் இரண்டு பாதிகளும் பிரிந்து, உள்ளிருந்து கம்பிகள் முன்னால் வந்து, விரித்த புத்தகம் போல் ஒட்டிக்கிடந்த பெட்டியை உதிர்த்துவிட்டன. இடது கை அதை ஏந்தியது. வலது கை கதவை இழுத்துச் சாத்தியது. மெஷின் மறுபடி உறுமுவதற்குள் வலது கட்டைவிரல் மூடிப் பக்கத்தைத் தூக்கி அடிப்பக்கத்தின்மேல் கவிழ்த்து ஒரு அழுத்து அழுத்தியது. டக். திறந்து மறுபடியும் ஒரு அழுத்து. டக். பிறகு கத்தி, பெட்டியோடு வால் போல் ஒட்டியிருந்த மிச்ச பிளாஸ்டிக்கை ஒரே சீவில் எடுத்துத் தொட்டியில் தள்ளியது. பெட்டி தட்டில் போய் உட்கார்ந்தது. கதவு மறுபடி விலகியது.

விஷயம் அந்த இரண்டு அழுத்தில்தான் இருந்தது. பெட்டியின் அடியும் மூடியும் தனித்தனி அல்ல, ஒரே வார்ப்பு. நடுவில் நகத்தைவிட மெல்லிய ஒரு தோல் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஆணி கிடையாது, கம்பி கிடையாது. அந்தத் தோல்தான் கீல். வேறு பிளாஸ்டிக்கில் இப்படிச் செய்தால் நாலு தடவை திறப்பதற்குள் பெட்டி இரண்டாகிவிடும். பாலிபுரோப்பிலீன் மட்டும் அப்படியில்லை. வார்த்த சூடு ஆறுவதற்குள் ஒரு தடவை முழுக்க மடித்துவிட்டால், அந்தத் தோலுக்குள் இருக்கும் இழைகளெல்லாம் இழுபட்டு ஒரே திசையில் படுத்துக்கொள்ளும். அதன்பிறகு வாங்கியவருக்குச் சலித்துப்போகும் வரை திறந்து மூடலாம். ஆறவிட்டு மடித்தாலும் மடியத்தான் செய்யும். ஆனால் மடிப்பில் வெள்ளைக்கோடு விழும். அந்தக் கோட்டில் என்றைக்காவது கிழியும்.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியைப் பட்டறைத் தெருவில் எல்லோரும் மடக்கக்கா என்றே சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். மூடி மடக்குகிற பெண் ஒரு நாள் வராமல்போக, "சும்மா நிக்கறதுக்கு இதைச் செய்" என்று சூப்பர்வைசர் மெஷின் பக்கம் தள்ளிவிட்டார். அன்று உட்கார்ந்தவள்தான். ஷாம்பு மூடி, தைல டப்பா, பென்சில் பெட்டி என்று வருஷக்கணக்கில் மடக்கினாள். உட்காரவைத்து யாரும் சொல்லித் தரவில்லை. மடக்கும் விரலுக்கே தெரிந்துவிடும்: இன்றைக்குச் சூடு கூடுதல், இன்றைக்கு அச்சுக்குள் ஓடவேண்டிய தண்ணீர் சரியாக ஓடவில்லை, இன்றைக்குப் பிளாஸ்டிக் குருணையில் பழைய கழிவை அரைத்துக் கலந்திருக்கிறார்கள். விரல் சொன்னதை வாய் உரக்கச் சொல்லும். அதைக் கேட்டு ஒருவர் ஸ்பானரோடு வந்து சரிசெய்துவிட்டுப் போவார். அந்த ஸ்பானர்காரரே பிற்பாடு வீட்டுக்காரர் ஆனார்.

"குறை சொல்லிச் சொல்லியே என்னைப் பிடிச்சிட்டா" என்பார் அவர்.

"மெஷின்ல குறையே இல்லாம இருந்திருந்தா உங்களுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது" என்பாள் இவள்.

பேச்சிலும் ஆளை மடக்குவதால் பட்டப்பெயர் இரண்டு விதத்திலும் பொருந்திப்போனது.

தொழிற்சாலை புது மெஷின்களுக்கு மாறியபோது ஓரங்கட்டிய பழையது ஒன்றை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முன்பு டயர் கடையாக இருந்த கொட்டகையில் அதை இறக்கினார்கள். சுவரில் இன்னும் ரப்பர் வாசனை போகவில்லை. வீட்டுக்காரர் மெஷினைப் பார்த்துக்கொள்வார். அவருடைய தம்பி பக்கத்துக் கொட்டகையில் இரும்பு குடைந்து அச்சு செய்வான். தெருவில் அச்சை 'டை' என்பார்கள். யார் யாரோ தங்கள் டையை வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். வார்த்துக் கொடுத்ததும் டை அதே வண்டியில் திரும்பிப் போகும். டப்பாக்களின் அடியில் அவரவர் கம்பெனி முத்திரை இருக்கும்.

மடக்கக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே கிடக்கும் டப்பாவைக் கவிழ்த்துப் பார்ப்பாள். ஒருமுறை நாத்தனார் வீட்டுக் குளியலறையில் இருந்த சோப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நம்ம மெஷின்ல வந்தது. மடிப்பைப் பார்த்தாலே தெரியுது" என்றாள்.

கூடத்தில் உறவுக்காரர்கள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் விடுவாளா? "ஆமா, உலகத்துல இருக்கற டப்பா எல்லாம் எங்க அண்ணி செஞ்சதுதான். கடல்ல மிதக்குதே, அதையும் கணக்குல சேர்த்துக்குங்க" என்றாள்.

கூடம் சிரித்தது. மடக்கக்காவும் கூடவே சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது குத்தியது. யார் செய்தது என்பதைப் பொருளே சொல்ல வேண்டும். செய்தவள் வாயால் சொன்னால் எடுபடாது என்பது அவளுக்கு உறைத்துவிட்டது.

அதற்குச் சரியாக வந்து சேர்ந்தார் காது மெஷின்காரர். காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்திக் கொடுக்கும் கடை அவருடையது. நாள் முழுக்கக் கத்திப் பேசிப் பழகியவர், கொட்டகைக்குள்ளும் கத்தினார்.

"கருவி அவரைக்கொட்டை அளவுதாம்மா இருக்கு! வாங்கறவங்க எல்லாம் வயசானவங்க! திருகற டப்பா கொடுத்தா விரல் ஒத்துழைக்க மாட்டேங்குது! மூடி ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம்!"

"எங்களுக்கு நல்லாவே காது கேக்கும் சார்."

"பழக்கம்மா" என்று குரலைத் தாழ்த்தினார். "கட்டைவிரலால தள்ளினா திறக்கணும். மூடி தனியா வரவே கூடாது. செய்ய முடியுமா?"

சொந்த அச்சு, சொந்த வரைவு, முதல் தடவையாகச் சொந்தப் பெட்டி. கொழுந்தன் அங்கேயே சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினான். எல்லாம் பேசி முடித்த பிறகு மடக்கக்கா ஆரம்பித்தாள். "ஒரே ஒரு ஆசை சார். பெட்டியில எங்க பட்டறை முத்திரை சின்னதா இருக்கணும்."

"எதுக்கு? உடைஞ்சா யார் செஞ்சதுன்னு ஊருக்கே தெரியவா?"

"உடையாது சார்."

"உடையலைன்னா முத்திரை என்ன, உங்க கல்யாண ஃபோட்டோவையே போட்டுக்குங்க. உடைஞ்சுதுன்னா பெட்டியும் வேணாம், முத்திரையும் வேணாம். சரியா?"

"சரி" என்றாள் உடனே. வீட்டுக்காரர் அவளைப் பார்த்த பார்வையை அவள் கண்டுகொள்ளவில்லை.

முத்திரை ஒன்றும் பெரிய வேலைப்பாடு இல்லை. ஒரு முனையில் சேரும் இரண்டு கோடுகள். திறந்த பெட்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற உருவம். ஆனால் அது அடியில் இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். "அடியில இருந்தா என்னை மாதிரி பைத்தியம்தான் கவிழ்த்துப் பார்க்கும். முன்பக்கம் வைங்க தம்பி. கட்டைவிரல் வைக்கிற இடத்துக்குக் கீழே. திறக்கறப்பல்லாம் தெரியணும்."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "முன்சுவர்லயா அண்ணி?"

"ஏன், இரும்பு அழுமா?"

அவன் தலையாட்டிவிட்டுத் தன் கொட்டகைக்குப் போனான்.

அச்சு வந்தது. பால் நிறத்தில், மெழுகு தடவியது போன்ற வழவழப்போடு பெட்டிகள் விழுந்தன. ஒவ்வொன்றையும் அவளே சூட்டோடு மடக்கினாள். வெள்ளைக்கோடு இல்லை, ஓரத்தில் பிசிறு இல்லை. ஒரு தட்டு நிறைய எடுத்துப் போய் காது மெஷின்காரரிடம் கொடுத்தாள். அவர் அதைச் சோதனைச்சாலைக்கு அனுப்பவில்லை. காத்திருக்கும் அறையில் மேஜைமேல் கொட்டிவைத்தார். "காத்திருக்கறவங்க வேற என்ன பண்ணுவாங்க? ஒருத்தருக்கொருத்தர் பேசவும் முடியாது. திறந்து திறந்து மூடட்டும்" என்றார்.

அந்த அறையைவிடக் கடுமையான சோதனை எந்த மெஷினும் செய்திருக்காது. வேலை இல்லாத விரல்கள் காலையிலிருந்து மாலை வரை அந்தப் பெட்டிகளைப் படுத்தி எடுத்தன. சில நாள் கழித்து அவரிடமிருந்து ஃபோன் வந்தது. "வந்து பாரும்மா" என்றார். கத்தாமல் பேசினார். அதிலேயே விஷயம் புரிந்து, கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மேஜையில் ஏழெட்டுப் பெட்டிகள் கிழிந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு வயதான தையல்காரர், குற்றவாளி போல உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா!" என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

"நீங்க பண்ணலைய்யா, அதுவா வந்திருக்கு" என்றாள் மடக்கக்கா.

"என்னது, சுவரா?"

"அதுவா! தானா!"

"அதைத்தான் நானும் சொல்றேன்!" தையல்காரர் ஒரு பெட்டியை எடுத்துக் கிழிந்த இடத்தைச் சாய்த்துக் காட்டினார். "இதோ பாரு. எல்லாமே இந்த ஒரே மூலையில ஆரம்பிச்சிருக்கு. நடுவுல ஒண்ணும் ஆகலை. அப்புறம் இன்னொண்ணு. துணி கிழிஞ்சா நூல் நூலா வரும். இது அப்படி இல்லை. ரெண்டு துணியை ஒட்டிவச்ச மாதிரி உரிஞ்சிருக்கு."

மடக்கக்கா கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வாஸ்தவம். கீலின் இடது மூலையில் தோல் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. மடிப்பில் குறை இருந்தால் வெள்ளைக்கோடு முழு நீளத்துக்கும் ஓடியிருக்கும். இது மடிப்பில் வந்த குறை இல்லை. அதற்கு முன்னாலேயே, அச்சுக்குள் நடந்தது.

காது மெஷின்காரர் அவளைத் திட்டவில்லை. "உடையாதுன்னு சொன்னீங்களேம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்போல இருந்தது. முன்பக்க முத்திரை கிழிந்த பெட்டிகளிலெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"ஒரு வாய்ப்பு கொடுங்க சார். சரியா இல்லைன்னா நானே இந்தப் பக்கம் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கிழிந்தவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

கொட்டகைக்கு வந்ததும் கொழுந்தனையும் வரச்சொல்லிவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "பிளாஸ்டிக்கைக் குறைச்சு விடுங்க. முழுப் பெட்டி வேணாம். முதல்ல கால்வாசி, அப்புறம் அரை, அப்புறம் முக்கால். பிளாஸ்டிக் எந்த வழியா எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்."

"அரைகுறையா செய்யணும், அவ்வளவுதானே? அது எனக்குச் சொல்லியே தர வேணாம்" என்றார் அவர். அவள் சிரிக்காததைப் பார்த்ததும், அச்சுக்குள் போகும் அளவைக் குறைக்கும் திருகாணியைத் திருகினார்.

பாலிபுரோப்பிலீன் உருகி ஓடும்போது ஒழுங்காக எல்லாப் பக்கமும் போகாது. எளிதான வழி எதுவோ அதில்தான் முதலில் போகும். ஒவ்வொரு வார்ப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி, வெளியே வந்த அரைப்பெட்டிகளை மேஜையில் வரிசையாக அடுக்கினார்கள். பெட்டி எப்படி நிறைகிறது என்பது படம் படமாகக் கண்முன் நின்றது.

முதல் துண்டில், பிளாஸ்டிக் பக்கச்சுவரின் வழியே நுழைந்து அடிப்பகுதியில் கொஞ்சம் பரவியிருந்தது. நுழைகிற அந்த வாசலுக்கு 'கேட்' என்று பெயர். அது கீலுக்கு மிக அருகில், இடப்பக்கம் இருந்தது. இரண்டாவது துண்டில் இடது மூலை வழியாக ஒரு சின்ன நாக்கு கீலுக்குள் எட்டிப் பார்த்தது. மூன்றாவதிலும் அந்த நாக்கு அங்கேயே நின்றது. அடிப்பகுதி மட்டும் வளர்ந்திருந்தது. நாலாவதிலும் நாக்கு அசையவில்லை. கடைசியில், அடி நிறைந்த பிறகுதான் கீல் முழுவதையும் தாண்டி மூடிக்குப் பாய்ந்திருந்தது.

மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. மெல்லிய இடத்துக்குள் சீக்கிரமாக எட்டிப் பார்த்த அந்த நாக்கு, உள்ளே போக வழி நெருக்கமாக இருப்பதால் நின்றுவிடுகிறது. நின்றதும் ஆறிவிடுகிறது. பிறகு வருகிற சூடான பிளாஸ்டிக் அதன்மேல் ஏறிப் போகிறது. பழையதும் புதியதும் ஒட்டிக்கொள்கின்றன, ஒன்றாகவில்லை. தையல்காரர் பார்த்த இரண்டு துணி அதுதான்.

"கேட் எதிர்ப்பக்கம் இருக்கணும்" என்றாள் மடக்கக்கா. "கீலுக்கு நேர் எதிரே, முன்சுவர்ல. அடி முழுக்க நிறைஞ்சு, கீலோட நீளம் பூராவும் ஒரே நேரத்துல தாண்டணும். இது உங்களுக்குத் தெரியாததா தம்பி? ஏன் இங்க கொண்டுவந்து வச்சீங்க?"

கொழுந்தன் கீழே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "மொதல்ல முன்சுவர்லதான் வச்சேன் அண்ணி. நீங்கதான் முத்திரை அங்க வேணும்னீங்க. கேட்டைச் சீவினா தழும்பு விழும், முத்திரை அசிங்கமாயிடும். அதான் பக்கவாட்டுக்குத் தள்ளினேன். அவ்வளவு தூரம் ஆசைப்பட்டுச் சொன்னீங்க... எப்படி வேணாம்னு சொல்றது?"

மடக்கக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். சூடு, தண்ணீர், குருணை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருந்தாள். தன் ஆசையைச் சந்தேகப்படவில்லை.

"அடுத்த தடவை நான் இப்படி ஏதாவது சொன்னா, மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லணும்."

"சொன்னா விடுவீங்களா?"

"விட மாட்டேன். அப்பவும் சொல்லணும்" என்றாள். வீட்டுக்காரர் தம்பியின் தோளைத் தட்டினார். "நான் இத்தனை வருஷமா பண்ணிப் பார்த்தாச்சுடா. சொல்லு, பழகிடும்."

முத்திரை குடைந்த இரும்புத்துண்டை அச்சில் தனியாகத்தான் பொருத்தியிருந்தார்கள்; கழற்ற முடியும். கொழுந்தன் அதை எடுத்து அவளிடம் நீட்டினான். கை தயங்கவில்லை; வாங்கி போல்ட்டு நட்டு கிடக்கும் இழுப்பறையில் போட்டாள். அந்த இடத்தில் கேட்டோடு புதுத் துண்டு வந்தது. பழைய வாசலை அடைத்து இழைத்தார்கள். உருகிய பிளாஸ்டிக் ஓடும் பள்ளத்தை முன்பக்கம் வரை நீட்டினார்கள். மறுபடியும் அரைகுறைப் பெட்டிகளை வரிசையாக வார்த்துப் பார்த்தார்கள். இந்த முறை நாக்கு நீட்டவில்லை. அடி நிறைந்தது, விளிம்பு நேர்கோடாகக் கீலின் கரையில் வந்து நின்றது, அடுத்த துண்டில் கோடு மொத்தமாக அந்தப் பக்கம் போயிருந்தது. மடக்கக்கா அதை விரலால் தடவினாள். எத்தனையோ மடிப்பு போட்ட விரல். இப்படி மொழுமொழுவென்று ஒரு கீல் அதற்கு வாய்த்ததில்லை.

புதுத் தட்டு காத்திருப்பு அறைக்குப் போனது. முத்திரை இல்லாமல், மொட்டையாக. அவள் கூடவே இருந்து காவல் காக்கவில்லை. வேறு டைகளுக்கு வேலை இருந்தது. போய் அதைப் பார்த்தாள். ஃபோன் அடித்தபோதெல்லாம் வீட்டுக்காரர்தான் ஓடிப்போய் எடுத்தார்.

கடையிலிருந்து ஃபோன் வரவில்லை. ஒரு நாள் காது மெஷின்காரரே வந்தார், கையில் ஒரு பெட்டியோடு. கீல் அழுக்கேறிக் கறுத்திருந்தது, கிழியவில்லை.

"தையல்காரருக்குக் கருவி பொருத்தியாச்சு. அப்பவும் தினம் வர்றாரும்மா! இதை உடைச்சே தீருவேன்னு உட்கார்ந்திருக்காரு! கட்டைவிரல் வலிக்குதுன்னு நேத்து கட்டுப் போட்டுக்கிட்டு வந்தாரு!"

"சார், மெதுவா" என்றார் வீட்டுக்காரர்.

அவர் மெதுவாக்கவில்லை. பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "முத்திரை எங்கேம்மா?"

"அந்த இடத்துல கேட் வந்துடுச்சு சார். உடைஞ்சா முத்திரை வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க. உடைஞ்சுதே."

"உடைஞ்சது அது. இது உடையலையே! என்கிட்ட வேற ஊர்ல இருக்கற கடைக்காரங்க நாலு பேர் கேக்கறாங்க, எங்க செஞ்சதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் நான் வழி சொல்லிக்கிட்டே இருக்கவா? போடுங்க!"

மடக்கக்கா கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தன் அவளைப் பார்த்து, "முன்பக்கம் முடியாது அண்ணி" என்றான், நேராக முகத்தைப் பார்த்து.

"அடியில வைங்க" என்றாள் அவள். "கவிழ்த்துப் பார்க்கறவங்க பார்க்கட்டும்."

முதல் சுமை தயாரான அன்று நாத்தனார் கொட்டகைக்கு வந்திருந்தாள், தன் பையனின் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில். அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்தாள். திறந்தாள், மூடினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, கவிழ்த்துப் பார்த்தாள். கட்டைவிரலை முத்திரைமேல் ஓட்டினாள்.

"கோடு ரெண்டும் நல்லா இருக்கு அண்ணி" என்றாள். "ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"கடைக்காரர் சரக்கு அது. எண்ணி வச்சாச்சு" என்றாள் மடக்கக்கா. பிறகு ஓரத்தில் தனியாக வைத்திருந்த ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

காது மெஷின்காரரின் கடையில் அன்று கூட்டம். தையல்காரர் தன் வழக்கமான நாற்காலியில், கட்டைவிரலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் அட்டைப்பெட்டிகளை வாசல் வரை சுமந்து வந்தார். கடைசி ஒன்றை மட்டும் மடக்கக்கா அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, படியேறிப் போய், காது மெஷின்காரரின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"எண்ணிப் பார்த்துக்குங்க சார்."

"எண்ணறது இருக்கட்டும்" என்றார் அவர். ஒட்டுநாடாவைக் கிழித்து மேலாக இருந்ததை எடுத்து, முதலில் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தையல்காரரிடம் நீட்டினார்.